நிமிடத்துக்கு ஏழு சொட்டு

மனைவிக்கு ஒரு கார் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பல்லுக்காரர் ஆசைப்பட்டதில் தப்பு எதுவும் இல்லை. தப்பு, அந்தக் கார் நன்றாக ஓடியதில் இருந்தது.

பல்லுக்காரர் என்றால் பல் பிடுங்குகிறவர் அல்ல. பிடுங்கிய இடத்தில் வைப்பதற்குப் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு மாடி அறையில், குறுகிய ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெழுகில் செதுக்கி, வார்த்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். ஊரில் பல பேர் அவர் செய்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது. அவருக்கும் அது வசதியாகவே இருந்தது.

மனைவியை ஊருக்கே தெரியும். டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தவள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் ஒரு கார் வேகமாகப் போனால்கூட அவள் வலது கால் தரையை அழுத்தும்.

பதினாறு வயதில் அவள் கணக்கு நோட்டின் பின்னட்டையில் ஒரு காரின் படம் ஒட்டியிருந்தாள். நீள மூக்கு, இரண்டே இருக்கை, தலைக்கு மேல் கூரை கிடையாது. அந்தக் காரைச் செய்த கம்பெனி மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் செய்துவிட்டு மூடிப்போனது. பல வருடம் கழித்து எங்கோ வெளிநாட்டில் ஒரு சின்னப் பட்டறைக்காரர் அந்தக் கம்பெனியின் வரைபடங்களையும் அச்சுகளையும் வாங்கி, விட்ட இடத்திலிருந்து, அதாவது இருநூற்றுப் பதிமூன்றாம் எண்ணிலிருந்து, அதே வண்டியை அதே மாதிரி செய்ய ஆரம்பித்தார். பழைய வண்டியின் புதுப் பிரதி. பல்லுக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பிழைப்பே அதுதான்.

அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் கண் டாக்டர். பிரேக் அக்காவின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"இந்த லைசென்ஸ் முடியுற வரைக்கும் ஓட்டுங்கம்மா. அதுவும் பகல்ல மட்டும். அடுத்த லைசென்ஸுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

இருநூற்றுப் பத்தொன்பதாம் எண் வண்டி துறைமுகத்தில் இறங்கி, டிரெய்லரில் ஏறி, வாகன அலுவலகத்தின் பின்முற்றத்துக் கொட்டகைக்கு வந்து சேர்ந்த அன்று, லைசென்ஸ் முடிய அறுபத்து மூன்று நாள் இருந்தது. பதிவாகாத வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது. பதிவாகாமல் போனால், வந்த வழியே கப்பலேற வேண்டும்.

"அறுபத்து மூணு நாள்," என்றாள் பிரேக் அக்கா. "அதுக்குள்ள நான் கண்ணு தெரியாதவனுக்கே லைசென்ஸ் வாங்கிக் குடுத்திருக்கேன். ஒரு காருக்கு வாங்க மாட்டீங்களா?"

"வாங்கிடலாம். சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் பல்லுக்காரர். அப்போது அவர் அதை நல்ல அர்த்தத்தில்தான் சொன்னார்.

புது வாகனக் கவுண்டரில் இது பழைய வண்டி என்றார்கள். பழைய வாகனக் கவுண்டரில் இது புது வண்டி என்றார்கள். இரண்டு கவுண்டரும் எதிரெதிரே இருந்ததால் நடை மிச்சம். நான்காவது தடவை திரும்பும்போது யாரோ பரிதாபப்பட்டு, "ஒப்புமைப் பிரிவுக்குப் போங்க, மூணாவது மாடி," என்றார்கள்.

ஒப்புமைப் பிரிவில் இரண்டு மேசை, ஒரு இரும்பு அலமாரி, ஒரு நின்று சுற்றும் மின்விசிறி. மின்விசிறியின் நெற்றியில் ஒரு எண் எழுதி, பக்கத்தில் 'பொருந்துகிறது' என்று சிவப்பு முத்திரை குத்தியிருந்தது. அது சுற்றவில்லை. முந்தைய மின்விசிறியும் சுற்றியதில்லையாம்.

பெரிய மேசையில் ஒப்புமை அதிகாரி. மெல்லிய குரல், மடிப்புக் கலையாத சட்டை. சின்ன மேசையில் எழுத்தரம்மா, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்.

"பழசா புதுசான்னு கேக்கறதெல்லாம் நாகரிகமில்லாத கேள்விங்க," என்று அதிகாரி ஆரம்பித்தார். "மனுஷனப் பார்த்து வயசு கேக்கற மாதிரி. நாங்க அத கேக்கவே மாட்டோம். எங்க கேள்வி ஒண்ணே ஒண்ணு. இதுக்கு முன்னாடி வந்ததோட இது பொருந்துதா? பொருந்தினா அனுமதி. பொருந்தலன்னா இல்ல. இந்த ஒரு கொள்கையாலதான் இந்த அலுவலகத்துல இத்தனை வருஷமா எந்த முன்னேற்றத்துக்கும் இடம் கொடுக்காம காப்பாத்திட்டு வர்றோம்."

"ரொம்ப நல்லது சார்," என்றார் பல்லுக்காரர். அவருக்கு உண்மையிலேயே நம்பிக்கை பிறந்தது. பொருத்துவது அவருக்குக் கைவந்த வேலை.

ஐம்பத்தெட்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி வண்டி ஒன்று, எண்பத்தேழாம் எண், இங்கே சோதனைக்கு வந்திருந்தது. எழுத்தரம்மா அலமாரியைத் திறந்து அதன் ஃபைலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"அந்த வண்டி இப்ப எங்க சார் இருக்கு? ஒரு தடவை பார்த்தா நல்லா இருக்கும்," என்றார் பல்லுக்காரர்.

அதிகாரி அவரைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வண்டியப் பத்தி எங்களுக்கு எப்படிங்க தெரியும்? ஃபைல் இங்க இருக்கு. வண்டி நாளைக்கு ஒண்ணு இருக்கும், நாளன்னைக்கு துருப்பிடிக்கும். ஃபைல் துருப்பிடிக்காது."

"அப்ப ஃபைலயே ஒரு தடவை..."

"ஒரு பக்கம் பொருந்தின பிறகுதான் அடுத்த பக்கம் திறப்போம். முழுசாக் குடுத்தா நீங்க தயார் பண்ணிட்டு வந்துடுவீங்க. அது நேர்மையில்ல. நானே இன்னும் ரெண்டாம் பக்கம் பார்த்ததில்ல." இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு விரதக்காரரின் பெருமை இருந்தது.

முதல் சோதனைக்கு நாள் குறித்தார்கள். ஐம்பத்தைந்து நாள் மீதி.

சோதனை செய்ய வந்த இன்ஸ்பெக்டர் உயரமான மனிதர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. காரைச் சுற்றி வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். உள்ளே மட்டும் உட்காரவில்லை.

"ஓட்டிப் பார்க்கலயா சார்?" என்று பிரேக் அக்கா கேட்டாள்.

"எனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

பிரேக் அக்கா புருஷனைப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தார்.

"இருபத்தேழு வருஷ சர்வீஸ்," என்றார் இன்ஸ்பெக்டர், கொஞ்சமும் கூச்சப்படாமல். "எத்தனையோ ஆயிரம் வண்டி சோதிச்சிருக்கேன். ஒண்ணக்கூட ஓட்டினதில்ல. ஓட்டினா வண்டி மேல பாசம் வந்துடும். பாசம் வந்தா நடுநிலை போயிடும். அதனாலதான் டிபார்ட்மென்ட்ல ஓட்டத் தெரியாதவங்களாப் பார்த்து எடுக்கறாங்க."

மூன்று நாளில் அறிக்கை வந்தது. பல்லுக்காரர் அதை மாடி அறையில் விளக்குக்குக் கீழே வைத்து மூன்று தடவை படித்தார்.

'சாவியைத் திருப்பியதும் வாகனம் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. மூல வாகனம் நான்காவது முயற்சியில் கிளம்பியது. ஓட்டுநர் பக்கக் கதவு ஒரே தடவையில் மூடியது. மூல வாகனத்தில் இருமுறை அறைந்தால் மட்டுமே மூடும். ஹாரனை அழுத்தினால் ஹாரன் அடித்தது. மூல வாகனத்தில் வைப்பர் ஓடும். எண்ணெய் ஒழுக்கு: இல்லை. இருக்க வேண்டியது: நிமிடத்துக்கு ஏழு சொட்டு. மேற்கண்ட குறைபாடுகளின் காரணமாக இவ்வாகனம் நிராகரிக்கப்படுகிறது.'

"நல்லா இருக்கறதுதான் குறைபாடா?" என்றாள் பிரேக் அக்கா. "இதுக்கு நம்ம ஸ்கூல் வண்டிய அனுப்பியிருந்தா முதல் நாளே சீல் குத்தியிருப்பான்."

பல்லுக்காரர் அறிக்கையை நான்காவது தடவை படித்தார். அவர் யோசித்துக்கொண்டிருந்தார். குறையைப் பார்த்துக் குறையைச் செய்வது அவருக்குப் புதிதில்லை. போன வருடம் ஒரு வாத்தியார் டாக்டரிடம் சண்டை போட்டுப் பல்செட்டைத் திருப்பி அனுப்பியிருந்தார். முப்பது வருடமாக அவர் முன்பல் கோணலாம். நேராக வைத்துக் கொடுத்தால் வகுப்பில் ஒரு பையனும் பயப்பட மாட்டானாம். பல்லுக்காரர் கோணலை அளந்து, இம்மி பிசகாமல் கோணலாகவே செய்து கொடுத்தார். நல்லதைச் செய்ய அச்சு போதும். கெட்டதை அப்படியே செய்யத்தான் கை வேண்டும்.

மறுநாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் பின்முற்றத்துக் கொட்டகையில் குடியிருந்தார்கள். கதவை அவள் பார்த்துக்கொண்டாள். "கீல்ல ஒரு வாஷர் போதும். இருபத்திரண்டு வருஷமா மூடாத கதவோட குடும்பம் நடத்தறவ நான்." ஹாரனையும் வைப்பரையும் மாற்றிக் கட்டியவர் ஒரு எலக்ட்ரீஷியன். வேலை முடிந்ததும் தன் பெயரை எங்கேயும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

எண்ணெய்தான் உயிரை வாங்கியது. பல் குடையும் ஊசிகளில் மிகச் சின்னதை எடுத்து எண்ணெய்த் தொட்டியின் திருகில் பல்லுக்காரர் ஒரு துளை போட்டார். நிமிடத்துக்குப் பதினொன்று. மெழுகால் அடைத்து மறுபடி குடைந்தார். ஐந்து. காலையில் ஐந்து சொட்டுவது மத்தியானம் வெயிலேறினால் ஒன்பது சொட்டியது. ஒன்பது நாள் அவர் அந்த வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்தார். சட்டையெல்லாம் எண்ணெய். ஒருநாள் ஒரு டாக்டர் போன் செய்து, வந்த பல்செட் ஏன் கார் மாதிரி நாறுகிறது என்று கேட்டார்.

மறு சோதனை. நாற்பத்தொரு நாள் மீதி. நான்காவது முயற்சியில் வண்டி கிளம்பியது. இரண்டாவது அறைக்குக் கதவு மூடியது. ஹாரனை அழுத்தியதும் வைப்பர் ஓடியது. இன்ஸ்பெக்டர் முகத்தில் முதல் தடவையாக மரியாதை தெரிந்தது. பிறகு கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தார்.

ஆறு சொட்டு விழுந்தது. ஏழாவது, திருகின் நுனியில், விழலாமா வேண்டாமா என்று தொங்கியது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. விழுந்தது.

"இது வேலை," என்றார் இன்ஸ்பெக்டர்.

பல்லுக்காரருக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. வாழ்க்கையில் அவர் வேலையை முகத்துக்கு நேரே பாராட்டிய முதல் ஆள், ஓட்டத் தெரியாத ஒரு வாகன ஆய்வாளர்.

ஒப்புமைப் பிரிவில் இரண்டாம் பக்கம் திறக்கப்பட்டது. எழுத்தரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"'சோதனையின்போது பக்கத்து இருக்கையில் ஒரு பழுப்புநிறப் பூனை உறங்கிக்கொண்டிருந்தது. தூறல் விழுந்தது. ஆய்வாளர் நனைந்தார்.'"

அதிகாரி அந்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"சார், பூனை காரோட பாகம் இல்லியே," என்றார் பல்லுக்காரர்.

"அத முடிவு பண்ண நீங்க யாரு, நான் யாரு?" அதிகாரி கையை விரித்தார். "எது பாகம், எது பாகமில்லன்னு நாமளா பிரிக்க ஆரம்பிச்சா, இன்னைக்குப் பூனைம்பீங்க, நாளைக்கு ஸ்டியரிங்கும்பீங்க. சின்னச் சின்ன விஷயத்துல கண்டிப்பா இருந்துட்டா, பெரிய விஷயத்தப் பத்தி யோசிக்கவே வேண்டியதில்ல. இதுதான் நான் இந்த வேலைல கத்துக்கிட்டது."

"மேல கூரையில்லாத வண்டி சார். தூறல்ல பூனை எப்படித் தூங்கும்?"

"அது அந்தப் பூனையோட திறமை."

எழுத்தரம்மா தலையை நிமிர்த்தாமல், "ஆய்வாளர் நனைஞ்சார்னுதான் இருக்கு. வண்டி நனைஞ்சுதுன்னு இல்ல," என்றார். அதிகாரி அந்த வரியை மறுபடி படித்துவிட்டு, வண்டி கொட்டகைக்குள் நிற்கலாம், இன்ஸ்பெக்டர் வெளியே நிற்க வேண்டும் என்று உத்தரவு எழுதினார். தன்னிடம் யாரும் கேட்கவில்லையே என்று இன்ஸ்பெக்டர் முனகியது குறிப்பில் ஏறவில்லை.

பூனை கிடைத்துவிட்டது. தெருமுனைச் சலவைக் கடைக்காரரிடம் பழுப்பில் ஒன்று இருந்தது, நாள் வாடகை எதுவும் வேண்டாம், திருப்பிக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்றார். மழைதான் கிடைக்கவில்லை. தினமும் காலையில் பல்லுக்காரர் கூடையில் பூனையை எடுத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி அலுவலகத்துக்கு வந்தார். பத்தாம் நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. இன்ஸ்பெக்டர் தலையோடு கால் நனைந்துவிட்டு வந்து நின்றார். அதிகாரி ஜன்னலிலிருந்து தலையை ஆட்டினார். "இது கனமழை. தூறல் இல்ல."

பத்தொன்பதாம் நாள் தூறியது. ஆனால் பூனை தூங்கவில்லை. இருக்கையில் நட்டமாக உட்கார்ந்து மூன்று பேரையும் மாறி மாறி முறைத்தது. தூறல் எந்த நிமிடமும் நின்றுவிடும் போலிருந்தது.

"தள்ளுங்க," என்றாள் பிரேக் அக்கா. ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து, பூனையைப் பார்த்து, தன் முதல்நாள் வகுப்பை ஆரம்பித்தாள். "கிளட்ச் அப்படின்னா என்ன? எஞ்சினோட சக்தியச் சக்கரத்துக்குக் கொண்டு போறதுக்கும், கொண்டு போகாம நிறுத்தறதுக்கும் நடுவுல இருக்கற ஏற்பாடு. இதுல மூணு தகடு. முதல் தகடு..."

இரண்டாவது தகட்டில் பூனை கண்ணை மூடியது. மூன்றாவதில் குறட்டை விட்டது. வெளியே தூணில் சாய்ந்திருந்த இன்ஸ்பெக்டரையும் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

மூன்றாம் பக்கம். இருபது நாள் மீதி.

"'ஆய்வாளருக்கு ஓட்டும் பயிற்சி இல்லாமையால், உரிமையாளரின் மனைவி வாகனத்தை ஓட்டினார். ஆய்வாளர் உடன் அமர்ந்தார். முற்றத்தை மூன்று முறை சுற்றி வந்தார்கள்.'"

பிரேக் அக்கா புருஷன் பக்கம் திரும்பினாள். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல, உங்களக் கட்டிக்கிட்டதுக்கு இன்னைக்குத்தாங்க ஒரு பிரயோஜனம் தெரியுது."

கல்யாணச் சான்றிதழ், அதன் மூன்று நகல்கள், அவள்தான் இவள் என்று இரண்டு சாட்சிகள். இதற்கு எட்டு நாள் போயிற்று. பிறகு அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் ஃபைல் அட்டையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முற்றம் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடல் அளவுகூட இல்லை. முதல் கியரிலேயே மூன்று சுற்று முடிந்துவிட்டது.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டாவது கியர் போட இடமில்லீங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பல்லுக்காரருக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காம் பக்கத்தை எழுத்தரம்மா வாசித்தபோது அவர் குரலே கொஞ்சம் ஏறியது.

"'மூன்றாம் சுற்றின் முடிவில் வாகனம் நிற்காமல், வடக்கு வாயில் வழியாக வெளியே சென்றது. ஓட்டிய பெண்மணி கையை அசைத்தார்.'"

"வடக்கு வாயிலா?" என்றார் இன்ஸ்பெக்டர். "அங்க சுவருல்ல இருக்கு."

முப்பது வருடத்துக்கு முன்பே அந்த வாயிலை அடைத்துச் சுவர் எழுப்பி, அதன் மேல் சைக்கிள் கொட்டகை சாய்த்திருந்தார்கள். தெற்கு வாயில் திறந்தே இருந்தது. அதன் வழியாகப் போகலாமே என்று பல்லுக்காரர் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"நான் தப்பான திசைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்," என்று அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "சுவர் நம்மளுது. ஃபைலும் நம்மளுது. ரெண்டுல ஒண்ணு பொய்னா, சுவர்தான் பொய்."

அந்தக் கட்டடத்தில் ஒரு குடிதண்ணீர்க் குழாய்க்காக எட்டு வருடமாக மனு போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு மனு போட்ட மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆட்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். சைக்கிள்களை மட்டும் யாரும் எடுத்து வைக்கவில்லை. அவை எந்த ஃபைலிலும் இல்லை.

நான்கு நாள் மீதி இருக்கும்போது, பின்மத்தியானம் மூன்றரை மணிக்கு, எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். வண்டியின் முன்னால் 'சோதனையில்' என்று ஒரு தகரப் பலகையைக் கம்பியால் கட்டினார்கள். பிரேக் அக்கா தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள், இன்ஸ்பெக்டர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

"வெளிய போய் ஒரு ரவுண்டு, பத்து நிமிஷத்துல வந்துடறேன்," என்றாள்.

"பார்த்துப் போ."

"யார்கிட்ட சொல்றீங்க?"

மூன்று சுற்று. மூன்றாவதன் முடிவில் வண்டி நிற்கவில்லை. உடைந்த சுவரின் ஓட்டை வழியாக, செங்கல் தூள் மேல் குலுங்கி ஏறி, அவள் வெளியே போனாள். கையை அசைத்தாள். யாரைப் பார்த்து என்று சொல்ல முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ரோடு நேராக இருந்தது. இரண்டாவது கியர் விழும் சத்தம் கேட்டது. உடனே மூன்றாவது.

"பொருந்துகிறது," என்று அதிகாரி முத்திரையைக் குத்தினார். நின்ற இடத்திலேயே எழுத்தரம்மா கடைசிப் பக்கத்தைத் திறந்தார். திறந்தவர் வாசிக்கவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் நீட்டினார்.

'திரும்பிய நேரம்' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்திருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. கீழே வேறொரு மையில், 'அலுவலக நேரம் முடியும்வரை வரவில்லை. நிலுவை.'

"அப்படின்னா?" என்றார் பல்லுக்காரர்.

"வரல," என்றார் எழுத்தரம்மா. "அந்தம்மா போனவங்க போனவங்கதான்."

"கூடப் போன ஆய்வாளர்?"

எழுத்தரம்மா ஃபைலின் அடியில் செருகியிருந்த ஒரு தாளை உருவினார். "அலுவல் நிமித்தம் வெளியேன்னு போட்டிருக்கு. இன்னும் வெளியதான் இருக்கார். வருகைப் பதிவேட்டுல வருஷா வருஷம் அவர் பேர எழுதிக்கிட்டுத்தான் வர்றோம். எனக்கு முன்னாடி இருந்தவங்களும் எழுதினாங்க."

பல்லுக்காரர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "அப்ப இவ திரும்பி வந்துட்டா?"

"பொருந்தாது," என்றார் அதிகாரி. "நிராகரிப்பு. வண்டி கப்பலுக்கு."

"வரலன்னா?"

"அஞ்சு மணி வரைக்கும் வரலன்னா, எல்லா வகையிலும் பொருந்துது."

"அப்ப பதிவாயிடும்!"

"எப்படிங்க ஆகும்?" அதிகாரிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "மூல வண்டியே பதிவாகலயே. இதப் பதிவு பண்ணினா பொருந்தாமப் போயிடும். இது நிலுவைல இருக்கும். சோதனை நடந்துக்கிட்டே இருக்கும்."

"நடந்துக்கிட்டே இருந்தா, ரோட்டுல யாராவது நிறுத்துவாங்களா?"

"சோதனைல இருக்கற வண்டிய எவன் நிறுத்துவான்? அரசாங்க வேலைய நிறுத்தின மாதிரி. திரும்பி வர்ற வரைக்கும் ஓட்ட வேண்டியது அவங்க கடமை."

நாலு மணி இருபது நிமிடம். பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்றவள் இன்னும் வரவில்லை. பல்லுக்காரர் சுவரின் ஓட்டையில் போய் நின்றார். அதிகாரியும் வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தார்கள். வரக் கூடாது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். அறுபது நாளில் அந்த அலுவலகமும் அவரும் ஒரே விஷயத்தை விரும்பியது அப்போதுதான்.

போன் அடித்தது. இன்ஸ்பெக்டர். பின்னால் காற்று இரைந்தது.

"அம்மா வண்டி ஓட்டும்போது போன் பேச மாட்டாங்களாம். என்னப் பேசச் சொன்னாங்க. நாங்க பாலத்தத் தாண்டிட்டோம். 'பத்து நிமிஷம்னு சொன்னேன், நேரமாயிடுச்சு, திரும்பட்டுமா'ன்னு கேக்கச் சொல்றாங்க."

பல்லுக்காரர் அதிகாரியைப் பார்த்தார்.

"விண்ணப்பதாரருக்கு நாங்க ஆலோசனை சொல்லக் கூடாது," என்று அதிகாரி வானத்தைப் பார்த்துக்கொண்டார். எழுத்தரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"திரும்ப வேண்டாம்னு சொல்லுங்க," என்றார் பல்லுக்காரர். "திரும்பினா சோதனை முடிஞ்சிடும். திரும்பாத வரைக்கும் வண்டி அவளுது. இருட்டறதுக்குள்ள எங்கயாவது ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. காலைல வெளிச்சம் வந்ததும் மறுபடி எடுக்கட்டும். நாலு நாள் இருக்கு. எந்த ஊருல நிக்குதுன்னு சொன்னா நான் பஸ் பிடிச்சு வந்துடறேன்."

மறுமுனையில் இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் கத்திச் சொல்வது கேட்டது. பதிலுக்கு அவள் ஏதோ கத்தினாள். காற்றில் பாதி போய்விட்டது, மீதி சிரிப்பு. வண்டியின் உறுமல் ஒரு படி ஏறியது.

"சரின்னுட்டாங்க," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், ஒரு விஷயம். நீங்க சொன்னா கேப்பாங்க. ரோடு காலியாத்தான் இருக்கு. ஒரே ஒரு தடவை ஸ்டியரிங்கக் கொஞ்சம் குடுங்கன்னு கேட்டேன். முடியவே முடியாதுங்கறாங்க. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் கத்துக் குடுத்தவங்க, எனக்கு மட்டும்..."

"குடுக்கவே குடுக்காதேன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க," என்றார் பல்லுக்காரர்.

"சொல்றேன்," என்றார் இன்ஸ்பெக்டர், கடமையில் தவறாதவராக, மிகுந்த வருத்தத்தோடு.